பத்தாவது ஆள்

மார்கழி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பஜனை கோயில் ஆர்மோனியத்தை எடுத்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நைட் ஷிப்டு முடிந்து வந்தவன் பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டான்.

"தாத்தா, நீங்க முன்னாடி நின்னு பாடறப்போ உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்? சாமி பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குமா?"

சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. உண்மையைச் சொன்னால், முன்னால் நிற்கிறவனுக்குச் சாமி நினைப்பு வருவதே கஷ்டம். சுருதி சேர்ந்ததா, ஜால்ரா ஓடுகிறதா, அடுத்த பாட்டு என்ன, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா, பொங்கல் அடி பிடித்துவிட்டதா, இதுதான் ஓடும். பின்னால் நிற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். முன்னால் நிற்கிறவன் மூட முடியாது.

இதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இந்து இல்லை, கிறிஸ்தவர் இல்லை, முஸ்லிமும் இல்லை. கொச்சியில் இருந்த ஒரு யூதப் பெரியவர். அந்தக் கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் அது என்னுடைய ஒரு தப்பில் போய் முடிகிறது. பரவாயில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

1987-இல் எனக்கு பாங்கில் ஆபீசர் பிரமோஷன் வந்தது. பிரமோஷன் என்றால் வெளி மாநிலம். குழந்தைகள் படிப்பு கெடக்கூடாது என்று குடும்பத்தை எளாவூரிலேயே விட்டுவிட்டு, நான் மட்டும் கொச்சியில் மட்டாஞ்சேரி போய்ச் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஹோட்டல் சாப்பாடு, ஒற்றை அறை. தெருவெல்லாம் மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கும். அந்த மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில்தான் யூதத் தெரு. அதன் கோடியில் அவர்களுடைய ஜெபாலயம். 1568-இல் கட்டியது. பக்கத்திலேயே கொச்சி ராஜாவின் அரண்மனை, அதை ஒட்டிப் பகவதி கோயில். கோயில் மணியும் அவர்களுடைய பாட்டும் ஒரே காற்றில் வரும்.

உள்ளே செருப்பில்லாமல்தான் போகவேண்டும். தரையெல்லாம் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை, ஒன்றைப் போல ஒன்று இருக்காது என்பார்கள். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. மேலே மாடியிலும் ஒரு மேடை உண்டு. இப்படி இரண்டு மேடை இருப்பது கேரளத்து யூத ஆலயங்களுக்கே உரியது என்றார்கள். அவர்களிடம் ஒரு செப்பேடு இருந்தது. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. அதில் உள்ள பாஷை நம் பழைய தமிழுக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களுடைய சமூகத் தலைவருக்கு ஒரு காலத்தில் 'முதலியார்' என்றே பட்டம் என்றால் நம்புவீர்களா?

நான் சொல்லும் பெரியவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே. டெபாசிட் ரசீதைப் புதுப்பிக்க வருவார். நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

அவர்தான் பல நாட்கள் தொழுகையை முன்னின்று நடத்துவார். அவர் குருவா என்று கேட்டேன். சிரித்தார். கொச்சி யூதர்களுக்கு ரப்பி என்று பட்டம் பெற்ற குருவே இருந்ததில்லையாம். தெரிந்த பெரியவர்கள் மாற்றி மாற்றி முன்னால் நிற்பார்கள். அப்படி நிற்கிறவருக்கு எபிரேய மொழியில் 'ஷலியாக் ஸிப்பூர்' என்று பெயர். சபை அனுப்பிய தூதன் என்று அர்த்தம்.

"பூசாரி இல்லை, சாரே. தபால்காரன். அவங்க எழுதின கடுதாசியை நான் கொண்டுபோறேன். தபால்காரன் 'இது நான் எழுதினது'ன்னு சொல்லக்கூடாது இல்லையா?" மலையாளமும் இங்கிலீஷும் கலந்து அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாங்கு முடிந்து அந்தப் பக்கம் போனேன். அங்கிள் கையைக் காட்டி வாசல் பக்கம் நிற்கச் சொன்னார். உள்ளே எண்ணெய் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் ஆரம்பிக்கவில்லை. எல்லாரும் தெருவைத் தெருவைப் பார்த்தார்கள். ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். யூதர்களுக்குப் பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழுத் தொழுகை. இல்லாவிட்டால் சில முக்கியமான பகுதிகளை விட்டுவிடவேண்டும். 1948-இல் இஸ்ரேல் உண்டான பிறகு, அடுத்த ஏழெட்டு வருஷத்தில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் வயதானவர்கள். அன்றைக்கு முதுகில் மூட்டையோடு ஒரு அமெரிக்கப் பையன் சுற்றிப் பார்க்க வந்தான். யூதனா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினான். அவனை உள்ளே இழுத்துப் போனார்களே, அந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு பாட்டும் சரியாகத் தெரியவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனாலும் அவன்தான் பத்தாவது ஆள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிளிடம் கேட்டேன். "பத்துப் பேர் வந்தால்தான் சொல்லவேண்டும் என்று நிறுத்தி வைக்கிற அந்தப் பிரார்த்தனைகளில் அப்படி என்ன இருக்கிறது?"

"அதுல ஒண்ணு 'பரிசுத்தன், பரிசுத்தன், பரிசுத்தன்'னு கடவுளைச் சொல்றது. மூணு தடவை. நிறைய ஊர்ல நம்ம ஆளுங்க அப்போ மூணு தடவை குதிகாலைத் தூக்குவாங்க, தேவதூதர்கள் மாதிரி. அதைத் தனியா இருக்கறவன் சொல்லக்கூடாது. எவ்வளவு பெரிய மகானா இருந்தாலும் சரி, தனியா ஒருத்தன் சொல்ற வார்த்தை இல்லை அது."

எனக்கு அது புதுசு. புனிதம் என்றால் ஊரை விட்டு, வீட்டை விட்டு, குகையில் போய் உட்காருவது என்றுதான் என் மனசில் இருந்தது. பக்கத்தில் ஒன்பது பேர் இருந்தால்தான் அந்த வார்த்தையையே வாயில் எடுக்கலாம் என்கிறார் இவர்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முன்னால் நிற்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்பது பேரோட இருமல் கேட்கும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும். யோசேப் காரோ என்ற பண்டிதர் எழுதிய ஒரு சட்டப் புத்தகம் யூதர்களுக்கு உண்டு. 1565-இல் வெனிஸ் நகரத்தில் முதலில் அச்சானது. முன்னால் நிற்கிறவன் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் விதி இருக்கிறதாம். நல்ல குரல் வேண்டும், அடக்கம் வேண்டும், ஜனங்களுக்கு அவனைப் பிடிக்கவேண்டும். அதோடு, பாட்டை நீட்டி நீட்டிப் பாடுகிறவனைப் பற்றியும் ஒரு விதி. இவ்வளவு இனிமையாகக் கடவுளைப் போற்ற முடிகிறதே என்ற சந்தோஷத்தில் நீட்டினால் அவனுக்கு ஆசீர்வாதம். தன் குரலை நாலு பேர் கேட்கட்டும் என்று நீட்டினால் அது கேவலம். "வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் அங்கிள். "பாடறவனுக்குத்தான் தெரியும். சில நாள் அவனுக்கும் தெரியாது."

கொச்சியில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஏ.பி. சேலம் என்று ஒரு வக்கீல் இருந்தார். 1882-இல் பிறந்து 1967-இல் காலமானவர். சென்னையில் படித்தவர். அவருடைய முன்னோர் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள் என்று சொல்லி, அந்த வம்சத்தாரை இந்த ஆலயத்தில் பெஞ்சில் உட்கார விடமாட்டார்களாம். பின்னால் தரையில்தான் உட்காரவேண்டும். வேதச் சுருளை வாசிக்கவும் கூப்பிடமாட்டார்கள். ஒரே சாமி, ஒரே பாட்டு, ஆனால் நீ பின்னால். சேலம் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்றே அவருக்குப் பெயர் வந்தது. மெல்ல மெல்ல அந்த வழக்கம் மாறியது. அங்கிள் இதைத் தலை குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சாமி முன்னாடி ஒருத்தரைப் பின்னாடி போன்னு சொல்ல இவங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்று வீட்டுக்குக் கடிதமே எழுதினேன்.

அந்த மூன்று வருஷத்தில் மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. யூதர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் பாவமன்னிப்பு நாள். யோம் கிப்பூர் என்பார்கள். ஒரு மாலை தொடங்கி மறுநாள் இருட்டும் வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் விரதம். அதற்கு ரெண்டு நாள் முன்னால் அங்கிள் பாங்குக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரில் நின்று, "சாரே, போன மாசம் பாஸ்புக் லேட்டாச்சுன்னு உங்களைச் சத்தம் போட்டேன். மன்னிக்கணும்" என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். "இதெல்லாம் என்ன அங்கிள்" என்றேன்.

"இல்லை, நீங்க வாயால சொல்லணும். கடவுளுக்குச் செஞ்ச தப்பை அந்த நாள்ல கடவுள் மன்னிப்பார். மனுஷனுக்குச் செஞ்ச தப்பை, அந்த மனுஷன் மன்னிக்கற வரைக்கும் அவர் தொடமாட்டார். அது எங்க சட்டம். நான் அன்னைக்கு முன்னாடி நிக்கணும். என் பையில உங்க கணக்கை வெச்சுக்கிட்டு மத்தவங்க கடுதாசியை எப்படிக் கொண்டுபோவேன்?"

சொன்னேன். மன்னித்தேன் என்று வாயால் சொன்னேன். க்யூவில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள்.

1990-இல் மாற்றலாகி ஊர்ப் பக்கம் வந்தேன். பிறகு பல ஊர், பல கிளை. 2009-இல் ரிட்டையராகி எளாவூருக்கே வந்துவிட்டேன். எங்கள் பஜனை கோயிலைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். ராமர் படம், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், நாலு ஜோடி ஜால்ரா. ஆந்திர எல்லை பக்கம் என்பதால் திருப்பாவையும் பாடுவோம், ராமதாசர் கீர்த்தனையும் பாடுவோம். பழைய பாகவதர் காலமான பிறகு, 2012 மார்கழியிலிருந்து முன்னால் நின்று பாடுவது என் பொறுப்பானது. எனக்குக் கொஞ்சம் நல்ல குரல். இதைச் சொல்லிக்கொள்வதில்தான் வினையே இருக்கிறது.

எங்கள் கோஷ்டியில் சைக்கிள் கடை அண்ணன் ஒருவர். என்னை விட எட்டு வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்து பஜனைக்கு வருகிறவர். சுருதிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஜால்ராவைத் தாளத்துக்கு அரை அடி பின்னால் தட்டுவார். மேல் ஸ்தாயி வரும் இடத்தில் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, எட்டாத ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார். அது எங்கேயோ போய் விழும். பழைய பாகவதர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்.

2018 மார்கழி. பேரன் என் பாட்டைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பாராட்டு. பழைய பாங்க் நண்பர்கள், "உங்களுக்குள் இப்படி ஒரு பாகவதரா" என்று எழுதினார்கள். அன்றிலிருந்து தினமும் போன் தயார். நானும் பாட்டை நீட்டினேன். ஒரு நாள் அந்தப் பதிவைக் கேட்டால், என் குரலுக்கு மேலே அண்ணனுடைய குரல். பக்கத்திலேயே நிற்கிறார் அல்லவா?

மறுநாள் விடியற்காலை, எல்லார் முன்னாலும் சொன்னேன். "அண்ணே, அந்த ஜால்ராவைத் தம்பிகிட்ட குடுத்துடுங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி நின்னுக்குங்க. பதிவுல சரியா வரமாட்டேங்குது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜால்ராவைக் கொடுத்தார். பின்னால் போய் நின்றார். தெருவலம் முடியும் வரை இருந்தார். பொங்கலும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

வீட்டில் அவள் மட்டும் சொன்னாள். "அவர் சண்டை போட்டிருந்தா பரவாயில்லைங்க. ஒரு வார்த்தை பேசாம போனாரே." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷத்துப் பதிவுகளெல்லாம் சுத்தமாக வந்தன.

பிறகு கொரோனா. ஒரு மார்கழி பஜனையே இல்லை. திரும்ப ஆரம்பித்தபோது கூட்டம் பாதியானது. சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிலர் பிள்ளைகளோடு சென்னை போய்விட்டார்கள். 2022 மார்கழியில் ஒரு நாள் காலை நாலரை மணிக்கு விளக்கை ஏற்றிவிட்டு நிற்கிறேன். பனி. ஜி.என்.டி. ரோட்டில் லாரிச் சத்தம். சிப்காட் கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. வந்தவர்கள் மூன்று பேர். நான் தெருவைத் தெருவைப் பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பாட்டே தெரியாத ஒரு பையனை அவர்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷமாக வந்துகொண்டிருந்த ஒருவரை நான் பின்னால் போகச் சொன்னேன். சேலம் கதையைக் கேட்டுக் கோபமாகக் கடிதம் எழுதியவன் நான்தான்.

அன்றைக்கு ஏதோ பாடி முடித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடையை மூடி ரொம்ப நாளாயிற்று. அண்ணி போய் ஐந்து வருஷம். மகன் ஓசூரில். திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "வா தம்பி" என்று நகர்ந்து இடம் விட்டார். முழங்கால் வலி, ரேஷன் அரிசி, ரயில் நேரம் மாற்றியது என்று அரை மணி நேரம் பேசினோம். எழுந்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வாயால் சொல்லவேண்டும் என்று அங்கிள் சொன்னது நினைவுக்கு வந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களைப் பின்னாடி போகச் சொன்னேன். தப்பு. மன்னிச்சுடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பாட வராதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் பாடறதுக்கா வந்தேன்? வீட்டுல பேச ஆள் இல்ல. காலைல அந்த அரை மணி நேரம் நாலு பேர் சத்தத்துல என் சத்தமும் இருக்கும். அவ்வளவுதான்."

எனக்குப் பதில் இல்லை. "சரி விடு, டீ குடி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வைகுண்ட ஏகாதசி அன்று, தெருவலம் பாதியில் இருக்கும்போது, மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு சந்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். நேராகப் பின்னால் போய் நின்றார். நான் பாட்டை நிறுத்திவிட்டுப் போய், கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்து, என் ஜால்ராவைக் கொடுத்தேன். பேரன் போனைத் தூக்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அன்றைக்கு ஜால்ரா அரை அடி பின்னால்தான் வந்தது. நான் காலத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு போனேன். மேல் ஸ்தாயி வந்தது. முழங்கால் வலியோடு அண்ணன் குதிகாலைத் தூக்கினார். குரல் எங்கேயோ போய் விழுந்தது. நான் அந்த இடத்தில் பாடவில்லை. பாட முடியவில்லை என்பதுதான் சரி. தொண்டை அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னால் நிற்கிறவன் கண்ணை மூட முடியாது என்று மேலே எழுதினேன். அன்றைக்கு ஒரு நிமிஷம் மூடிக்கொண்டேன்.

பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சாமி பக்கத்தில் நிற்பது போல எனக்கு இருந்ததில்லை. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். அது தெரிகிறது. அங்கிள் சொன்ன இருமல் சத்தம் இப்போதுதான் எனக்குக் காதில் விழுகிறது.

அண்ணனுக்கு இப்போது எண்பத்திநாலு. இந்த மார்கழிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காகப் பஜனை கோயில் வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், முன் வரிசையில். எளாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் முடிந்தால் ஒரு நாள் வாருங்கள். நாலரைக்கு விளக்கு ஏற்றிவிடுவோம். பாட வராவிட்டாலும் பரவாயில்லை.